உடலுக்கு ஐசோடோப்பு தெரியாது

ஊசி போடுவதற்கு முன்பே மீட்டர் சத்தம் போட்டது.

எலும்பு ஸ்கேனுக்காக வந்திருந்த பெரியவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "இந்த ஊசியில கதிர்வீச்சு இருக்காமே சார், எனக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான். நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மேசை ஓரத்தில் இருந்த, கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரின் ஒலி கூடிவிட்டது. அவருக்கு இன்னும் எதையும் செலுத்தவில்லை. வேறு எங்காவது நேற்று ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மீட்டரைக் கையில் எடுத்து அவர்மேல் மெதுவாக நகர்த்தினேன். தோளில் ஒன்றும் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்கு நேரே வந்ததும் சடசடவென்று பொரிந்தது. சட்டைக்குள் கறுப்பாக ஒரு பதக்கம்.

"இதுவா? இது உடம்புக்கு நல்ல சக்தி தரும் சார். மூணு வருஷமா கழற்றினதே இல்ல. தூங்கும்போதும் கழுத்துலதான் இருக்கும்."

அந்தப் பதக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு அவருடைய அந்த முதல் கேள்வி போதும்.

கதிர்மருந்து தயாரிப்பது என் வேலை. 16 ஆண்டுகளாகச் செய்கிறேன். கதிர்வீச்சு நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த அணு, எவ்வளவு, உடலுக்கு வெளியே இருக்கிறதா உள்ளே போகிறதா, உள்ளே போனால் எந்த உறுப்பில் போய்த் தங்கும், எத்தனை நாள் தங்கும் என்று கேட்டால் சொல்லலாம். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் வேதியியல் கேள்விகள். மக்கள் கதிரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவதும் நம்புவதும் அந்த அணுவின் வேதிக் குணத்தைப் பார்த்து.

ஒரு தனிமம் உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்பவை அதன் எலக்ட்ரான்கள். நடுவில் உள்ள அணுக்கருவில் நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் அந்த நடத்தை ஏறக்குறைய மாறாது. இப்படி நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணுக்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். சாப்பாட்டு உப்பில் இருப்பது அயோடின்-127. நாங்கள் மருந்தாகக் கொடுப்பது அயோடின்-131. முன்னது நிலையானது, பின்னது கதிரியக்கம் உள்ளது. ஆனால் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பிக்கு இரண்டும் ஒன்றுதான். எது வந்தாலும் இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த ஆள்மாறாட்டத்தை உடலால் கண்டுபிடிக்க முடியாது. அணு மருத்துவம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. அணு விபத்துகளின் மிகக் கொடுமையான பக்கமும் இதன்மேல்தான் நிற்கிறது.

பெட் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மூலக்கூற்றின் ஓரிடத்தில் ஃபுளோரின்-18 அணுவைப் பொருத்திச் செலுத்துகிறோம். செல்கள் சர்க்கரை என்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உள்ளே போனபின் அதை முழுதாக எரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. பசி மிகுந்த புற்றுநோய்ச் செல்கள் அதிகமாக எடுப்பதால் படத்தில் அவை பளிச்சென்று தெரிகின்றன. ஊசிக்குப் பிறகு "பேசாமல் படுத்திருங்கள்" என்று நாங்கள் சொல்வதைப் பலர் கண்டிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேசினால் குரல்வளைத் தசைகள் சர்க்கரை கேட்கும், மென்றால் தாடைத் தசைகள் கேட்கும். படத்தில் அந்த இடங்களும் ஒளிரும், நோயோ என்று மருத்துவரைக் குழப்பும். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதும் இதற்காகத்தான். சாப்பிட்டுவிட்டு வந்தால் தயவுசெய்து மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பயனில்லாத படத்துக்காகக் கதிரை வாங்கிக்கொள்வதுதான் உண்மையான இழப்பு. ஃபுளோரின்-18 அணுக்கள் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன. மறுநாள் காலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

பெரியவருக்குச் செலுத்த வேண்டியிருந்தது டெக்னீசியம்-99எம். உலகில் அணு மருத்துவ ஸ்கேன்களில் மிக அதிகம் பயன்படுவது இதுதான். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். இவ்வளவு சீக்கிரம் கரையும் பொருளை எங்கோ செய்து சேமித்து அனுப்ப முடியாது. அதனால் 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம்-99 எங்களுக்கு ஈயக் கவசத்தோடு வந்து சேர்கிறது. அது உள்ளே சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் உப்புக் கரைசலை அதன் வழியே செலுத்தி டெக்னீசியத்தை மட்டும் பிரித்தெடுக்கிறோம். பால் கறப்பது என்றுதான் எங்களுக்குள் பேச்சு. அதை பாஸ்பேட் போன்ற ஒரு சேர்மத்தோடு இணைத்தால் எலும்புக்குப் போகும், வேறொன்றோடு இணைத்தால் சிறுநீரகத்துக்கோ இதயத் தசைக்கோ போகும். அணு ஒன்றுதான், அது போகும் இடத்தை முடிவு செய்வது நாங்கள் அதோடு இணைக்கும் சேர்மம்.

அதிக நேரம் எடுத்து நான் பேசுவது அயோடின்-131 சிகிச்சைக்கு வருபவர்களிடம். இது ஸ்கேன் அளவு அல்ல, செல்களை அழிக்கும் அளவு. அதன் பீட்டாத் துகள்கள் திசுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் பாய்கின்றன. அதனால் தைராய்டு செல்கள் அழிகின்றன, பக்கத்துத் திசுக்கள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. கூடவே வெளியேறும் காமாக் கதிர் உடலைத் தாண்டி அருகில் இருப்பவர்களை எட்டும். அரை ஆயுள் 8 நாள். எஞ்சிய மருந்து சிறுநீரிலும் எச்சிலிலும் வியர்வையிலும் வெளியேறும். "குழந்தையைத் தூக்கலாமா?" என்று கேட்காத தாயை நான் பார்த்ததில்லை. சில நாட்கள் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்வேன். குழந்தையின் தைராய்டு சின்னது, வளர்வது, கதிரால் மிக எளிதில் பாதிக்கப்படுவது. எத்தனை நாள் என்பது கொடுத்த அளவைப் பொறுத்தது. நாங்கள் தாளில் எழுதித் தரும் எண்ணை வீட்டில் யாரும் மாற்றக் கூடாது.

கர்ப்பிணிக்கு இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. கருவின் தைராய்டு மூன்றாம் மாத வாக்கிலேயே அயோடினைச் சேர்க்கத் தொடங்கிவிடும். தாய்ப்பால் கொடுப்பவர் அந்தக் குழந்தைக்கு அதன்பின் பாலூட்ட முடியாது. சிகிச்சை முடிந்த பெண்கள் குறைந்தது 6 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். "தேதி தள்ளிப்போயிருக்கு, ஆனா அப்படி எதுவும் இருக்காது" என்று தயங்கிச் சொன்ன ஒருவருக்கு நான் மருந்தை நிறுத்திவைத்துப் பரிசோதிக்கச் சொன்னதுண்டு. கர்ப்பம்தான். அந்தத் தயக்கமான ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இதே அயோடின்-131தான் 1986 ஏப்ரல் 26-க்குப் பிறகு செர்னோபிலைச் சுற்றிய புல்வெளிகளில் படிந்தது. புல்லை மாடு தின்றது, பாலில் அயோடின் வந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். நாங்கள் நம்பியிருக்கும் அதே ஈர்ப்போடு அவர்களுடைய தைராய்டு அதை இழுத்து வைத்துக்கொண்டது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அப்போது சிறுவர்களாகவும் பதின்வயதினராகவும் இருந்தவர்களிடையே 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அந்தப் பால்தான் அதில் பெரும் பங்கு வகித்தது. போலந்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு உடனடியாக நிலையான அயோடினைக் கொடுத்தார்கள். சுரப்பி நல்ல அயோடினால் நிறைந்துவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு இடம் இருக்காது. இதுவும் அதே ஆள்மாறாட்டம்தான், இம்முறை நம் பக்கம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். நிலையான அயோடின் மாத்திரை எல்லாக் கதிர்வீச்சிலிருந்தும் காக்கும் கவசம் இல்லை. தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும், சரியான நேரத்தில் எடுத்தால் மட்டும் காக்கும். அதிகாரிகள் அறிவிக்காமல் எடுக்கக் கூடாது. 2011-இல் ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடினை உப்பிலிருந்து பெற மூன்று கிலோ அளவுக்கு உப்பு தின்ன வேண்டியிருக்கும். உயிரை எடுப்பது அந்த உப்பாகத்தான் இருக்கும்.

ரேடியத்தின் கதையும் இப்படித்தான். தனிம அட்டவணையில் அது கால்சியத்தின் குடும்பம், எனவே எலும்புக்குப் போகும். 1920-களில் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் ரேடிய மை பூசிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப்போய் இறந்தவர்கள் உண்டு. அவர்கள் எலும்பில் தங்கிய ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். இன்று எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியம்-223 மருந்தாகிறது. அரை ஆயுள் 11 நாள் சொச்சம். எலும்பைத் தேடிப் போகும் அதே குணம்தான். ஆனால் அளந்து கொடுக்கிறோம், அது விரைவில் தீர்ந்துபோகிறது. அந்தப் பெண்களை நினைக்காமல் அந்தக் குப்பியை என்னால் கையில் எடுக்க முடிவதில்லை.

சீசியம், பொட்டாசியத்தின் உறவு. உடலில் பொட்டாசியம் போகும் இடமெல்லாம் போகும். 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்தில் கிடந்த கதிர்சிகிச்சைக் கருவியை இருவர் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்புக்கு விற்றார்கள். உள்ளே சீசியம்-137 உப்பு. இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால் அதிசயம் என்று உறவினர்களுக்கும் பகிர்ந்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அந்தத் தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். அவளையும் சேர்த்து நால்வர் இறந்தார்கள், 249 பேரின் உடலிலோ உடையிலோ மாசு இருந்தது. உள்ளே போன சீசியத்தை வெளியேற்றப் பிரஷ்யன் நீலம் என்ற சாயப் பொருளைக் கொடுத்தார்கள். குடலில் அது சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும்.

சாதாரண மனிதர் அன்றாட வாழ்வில் உயிர்போகும் அளவு கதிரைச் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்கேன் அறையில் அல்ல, பழைய இரும்பில். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் லாரியிலிருந்து விழுந்த சீசியம் குப்பி 8 மில்லிமீட்டர் நீளம்தான். 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடிக் கண்டுபிடித்தார்கள். கனமான சிறு உலோகப் பெட்டி, கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னம், காரணமில்லாமல் சூடாக இருக்கும் உருளை, இருட்டில் ஒளிரும் தூள், இவற்றில் எதைக் கண்டாலும் தொடாதீர்கள், பையில் போடாதீர்கள். தள்ளிப் போய்த் தகவல் கொடுங்கள். அந்த மூன்று இதழ்ச் சின்னம் பலருக்குப் புரிவதில்லை என்பதால்தான் 2007-இல் சர்வதேச அணுசக்தி முகமை மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முக்கோணச் சின்னத்தைக் கூடுதலாகக் கொண்டுவந்தது.

வீட்டுக்குள் நான் கவலைப்படுவது ரேடானைப் பற்றி. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து வரும் வாயு, தரை விரிசல் வழியே உள்ளே கசிகிறது. ரேடான் எதோடும் சேராத மந்த வாயு, மூச்சோடு போய் மூச்சோடு வந்துவிடும். அது சிதைந்து பிறக்கும் பொலோனியம் திடப்பொருள். அதுதான் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்று இது. புகைப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. கனமீட்டர் காற்றுக்கு 100 பெக்கெரலுக்குக் (வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கெரல்) கீழே வைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அளக்கும் சாதனங்கள் கிடைக்கின்றன. விரிசலை அடைப்பதும் காற்றோட்டமும் பலன் தரும். புகை எச்சரிக்கைக் கருவியில் இருக்கும் அமெரீசியம்-241 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் ஆல்ஃபாக் கதிர் சில சென்டிமீட்டர் காற்றிலேயே நின்றுவிடும். உடைக்காமல், எரிக்காமல் இருந்தால் அது உயிர் காக்கும் கருவி மட்டுமே.

பெரியவரின் பதக்கத்துக்கு வருகிறேன். எதிர் அயனிகள் தரும் என்று விற்கப்படும் இத்தகைய பொருட்கள் சிலவற்றில் தோரியமோ யுரேனியமோ கலந்த தாதுத்தூள் இருக்கிறது. அயனிகள் வருவது உண்மைதான், கதிர் காற்றைத் தாக்கினால் அயனிகள் வரத்தான் செய்யும். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருட்களை அணிய வேண்டாம் என்று பெயர் சொல்லி எச்சரித்தது. ஒருநாள் அணிந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்துத் தோலில் உரசிக்கொண்டிருப்பது வேறு. அதனால் கிடைக்கும் நன்மை என்று ஒன்றும் இல்லை.

அவருக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். நம் உடலில் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியம்-40-இல் வினாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன என்பதையும் சொன்னேன். மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். பதக்கத்தின் அருகே கொண்டுபோனார், விலக்கினார், மறுபடி கொண்டுபோனார். "மகள் ஆசையா வாங்கிக் கொடுத்தது சார்" என்று சொல்லிக் கழற்றி மேசையில் வைத்தார்.

ஸ்கேன் நன்றாக முடிந்தது. அவருக்குப் போட்ட ஊசியையும் பஞ்சையும் எங்கள் வழக்கப்படி ஈயப் பெட்டியில் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். பத்து அரை ஆயுள், அதாவது 60 மணி நேரம் கழித்து அளந்து பார்த்துச் சாதாரணக் கழிவோடு அனுப்பிவிடலாம். பதக்கத்தைத் தனிப் பெட்டியில் வைத்து அடுத்த வரியில் எழுதினேன். தோரியம்-232-இன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள். வெளியேற்றும் தேதிக்கான கட்டத்தை நிரப்ப வழியில்லாமல் அதில் ஒரு கோடு போட்டேன்.