பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரருக்கு மாதம் 8,000 ரூபாய்: யாருக்குக் கிடைக்கும்?

"மிலிட்டரிக்காரருக்கு என்ன குறை, பென்ஷன் வருது, கேன்டீன் இருக்கு" என்று ஊரில் சொல்வார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் முடித்திருக்க வேண்டும், அதற்கு முன்பே வெளியே வந்தவர்கள் அப்போது கிடைத்த பணிக்கொடையோடு சரி. 1971 போர்க் காலத்தில் சீருடையில் இருந்தவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. இன்று எழுபதைத் தாண்டிய வயது, மாத வருமானம் இல்லை, ஆனால் ஊர் இவர்களையும் பென்ஷன்காரர் என்றே நினைத்துக்கொள்வதால் உதவி பற்றி யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இவர்களுக்காக மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் வறுமை நிவாரண உதவி இருக்கிறது. முன்பு மாதம் 4,000 ரூபாய், 2025 நவம்பர் 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 8,000. ஹவில்தார் பதவி வரைக்கும் (கடற்படை, விமானப்படையில் அதற்குச் சமமான பதவி) இருந்தவராக, 65 வயதைக் கடந்தவராக, பென்ஷனோ வேறு நிலையான வருமானமோ இல்லாதவராக இருக்க வேண்டும். அவர் இறந்துவிட்டால் அதே நிபந்தனைகளோடு மனைவி கேட்கலாம். டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் நாம் போடும் காசு சேர்கிற கொடி நாள் நிதிதான் இதற்கும் ஆதாரம், அதனால் தயங்கிக்கொண்டு கேட்க வேண்டிய பணமே அல்ல இது.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். விண்ணப்பம் கேந்திரிய சைனிக் போர்டு என்ற மத்திய அரசின் படைவீரர் நல வாரியத்தின் இணையதளத்தில்தான் போடுகிறோம் என்றாலும், சரிபார்த்து மேலே அனுப்புவது இந்த அலுவலகம். டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து வெளியேறும்போது கொடுத்த சர்வீஸ் விவரப் புத்தகம்), வயதுச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேறிய காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று போவதற்கு முன்பே பாருங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டிருந்தால் கிடைக்காது. தானாகவே கேட்டு வெளியே வந்திருந்தால், முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருவாரா என்பது எந்த ஆண்டு வந்தார் என்பதைப் பொறுத்தது, ஆகவே நீங்களே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடாமல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

புக்கே தொலைந்துவிட்டதா? ராணுவ எண்ணும் ரெஜிமென்ட் பெயரும் தெரிந்தால் அந்த ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதலாம், மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கிறது. அப்புறம் மனைவி பெயர் ராணுவ ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்பதையும் கணவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் அந்த அம்மாதான் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியிருக்கும்.