குளோரின் வாளியில் லேபல் இல்லையா? யாரிடம், எதைக் கேட்பது

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கொண்டோ நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்யும் நம் ஆட்களுக்கு, வெள்ளை வாளியில் இருக்கும் தூள் வெறும் ‘குளோரின்’. பெரும்பாலும் அது கால்சியம் ஹைப்போகுளோரைட். தானாக எரியாது. ஆனால் எண்ணெய்த் துணியோ குப்பையோ அதோடு சேர்ந்தால் தீப்பிடிக்க வைக்கும், பிடித்த தீயை ஊதிப் பெருக்கும். இந்த வகைக்கு ஆக்சிடைசர் என்று பெயர். கை வெந்து போய் நின்றவரிடம், “வாளியில் ஆபத்து என்று போடவில்லையே, நீதான் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று மேலாளர் சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன். சட்டத்தின் முன் அந்தப் பதில் நிற்காது.

சட்டம் சுருக்கமாக இதுதான். 2013ஆம் ஆண்டு கிளாஸ் விதிகளின்படி (ரசாயன வகைப்பாடு, லேபல், தரவுத் தாள் பற்றிய மலேசிய விதிகள்), வேலையிடத்தில் பயன்படும் ஆபத்தான ரசாயனத்தைத் தயாரிப்பவரும் கலப்பவரும் இறக்குமதி செய்பவரும் அதை வகைப்படுத்த வேண்டும். லேபலும் எஸ்.டி.எஸ். என்னும் பாதுகாப்புத் தரவுத் தாளும் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும். அந்தத் தாளை, ரசாயனம் பயன்படும் இடத்துக்கு அருகிலேயே தொழிலாளியின் கைக்கு எட்டும்படி முதலாளி வைக்க வேண்டும். ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்தால் கணக்கில் சேராது.

“லேப் டெஸ்ட் செய்தாகிவிட்டது, ஒன்றுமில்லை” என்று சப்ளையர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அறிக்கையைக் கேளுங்கள். ஆக்சிடைசரா என்று பார்க்க, திடப்பொருளுக்கான ஐ.நா. சோதனை ஓ.1 அல்லது ஓ.3. ஓ.1 சோதனையில் தூளை உலர்ந்த செல்லுலோஸ் நாரோடு கலந்து, 30 கிராம் கூம்பாகக் குவித்து, சூடேறும் கம்பியால் பற்ற வைக்கிறார்கள். எரிந்து முடியும் நேரத்தைப் பொட்டாசியம் புரோமேட் கலவை எரியும் நேரத்தோடு ஒப்பிடுகிறார்கள். எவ்வளவு வேகமாக எரிகிறதோ அவ்வளவு கடுமையான வகை. ஓ.3 சோதனையில் ஒப்பீட்டுக்குக் கால்சியம் பெராக்சைடு. அங்கே எடை குறையும் வேகத்தை அளக்கிறார்கள்.

ஏமாற்று நடப்பது மாதிரியில்தான். மாத்திரையையோ பெரிய குருணையையோ சோதித்துவிட்டு, உங்களிடம் வருவது நுண்ணிய தூள் என்றால் அந்த அறிக்கை உங்கள் வாளிக்குப் பொருந்தாது. துகள் சிறிதானால் எரியும் வேகம் மாறும். விற்கும் வடிவத்தில்தான் சோதிக்க வேண்டும். அறிக்கையில் மாதிரியின் பெயர், வடிவம், சோதனை எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அந்தச் சோதனை, ஆய்வகத்தின் ‘சம்’ (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரப் பட்டியலில் உண்டா என்றும் கேளுங்கள். அங்கீகாரம் வேறு ஏதோ சோதனைக்கு இருக்க, முத்திரை மட்டும் தாளில் இருக்கும்.

அடுத்த சாக்கு, “டெஸ்ட் செய்யவில்லை, அதனால் லேபல் இல்லை.” இதுவும் செல்லாது. ஏற்கெனவே உள்ள தரவை வைத்தே வகைப்படுத்தலாம்; நன்கு அறியப்பட்ட ரசாயனத்துக்குப் புதுச் சோதனை தேவைப்படுவதில்லை. சின்ன அளவில் இறக்குமதி செய்யும் நம் வியாபாரிகளும் இதைக் கவனியுங்கள்: ஜே.கே.கே.பி. என்னும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் வகைப்பாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள்.

எஸ்.டி.எஸ். கிடைத்தால் முதலில் ஆபத்தைச் சொல்லும் 2ஆம் பகுதி, பிறகு போக்குவரத்து பற்றிய 14ஆம் பகுதி. 14இல் ஆக்சிடைசருக்கான ‘5.1’ எண் போட்டிருக்கிறது, 2இல் ஆக்சிடைசர் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் தாளில் கோளாறு. சரக்கு வரும் அசல் தோம்பில் மஞ்சள் சாய்சதுரமும் 5.1 எண்ணும் ஒட்டியிருக்கும். வாளிக்கு மாற்றி ஊற்றும்போது அது காணாமல் போகிறது. லேபலில் வட்டத்தின் மேல் தீச்சுடர் படம் வேண்டும். கூடவே ‘பஹாயா’ (ஆபத்து) அல்லது ‘அமாரான்’ (எச்சரிக்கை) என்ற சொல் வேண்டும்.

இனி அலைச்சல். மேனேஜ்மெண்ட் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் சப்ளையரைக் காட்டுவார். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி, கான்ட்ராக்டருக்கு வேலை கொடுப்பவருக்கும் பாதுகாப்புப் பொறுப்பு உண்டு. தொழிலாளர் இலாகாவில் போய் வரிசையில் நிற்காதீர்கள். இந்தப் புகார் ஜே.கே.கே.பி.க்கு உரியது. இழப்பீடு, சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்புக்கு உரியது. மூன்றும் ஒரே மனிதவள அமைச்சின் கீழ் இருந்தும், ஒரு கௌண்டரின் தாள் அடுத்த கௌண்டருக்குத் தானாகப் போகாது. நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். புகார் செய்தார் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவது குற்றம்.

காயம் பட்டால் கிளினிக்கில் ‘தோல் அலர்ஜி’ என்று எழுத விடாதீர்கள். வேலையிடத்தில் ரசாயனத்தால் வெந்தது என்று பதியச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறைவாக இருந்தால் தற்காலிக இயலாமைப் பணம் வராது. ஆறாத காயத்தோடு மூன்றாம் நாளே வேலைக்கு இழுத்தால் டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

வாளி, தோம்பு, மூடி எல்லாவற்றையும் அன்றே போனில் படமெடுங்கள். மறுநாள் காலைக்குள் அவை குப்பை லாரியில் ஏறிவிடும்.