காந்தக்கல்: இரும்புக்குப் பிடித்த கல்

பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ஆங்கிலப் பந்தியொன்றைத் தமிழாக்கிக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டியது. ‘பண்டைய மாலுமிகள் பாரக்கல்லின் உதவியுடன் திசையை அறிந்தனர்’ என்று இருந்தது. பாரக்கல்லா? மூலத்தை வாங்கிப் பார்த்தேன். லோட்ஸ்ரோன். ‘லோட்’ என்றால் பாரம், ‘ஸ்ரோன்’ என்றால் கல். கிளிநொச்சியில் லோட் என்ற சொல்லை மணல் ஏற்றும் லொறியோடு சேர்த்தே கேட்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன எழுதும்?

அந்த ‘லோட்’ பழைய ஆங்கிலத்தில் வழியைக் குறித்தது. வழி காட்டும் கல் என்பதுதான் பொருள். ஆனால் வழி, பயணம், சுமந்து செல்லுதல் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் அப்போது இருந்தது. பாரத்தைக் குறிக்கும் இன்றைய சொல்லும் அதிலிருந்து வந்ததே. ஆகவே பிள்ளை எழுதியது முழுப்பிழையும் இல்லை.

சரி, தமிழில் என்ன? காந்தக்கல். பழைய அகராதிகளில் ஊசிக்காந்தம் என்றும் இருக்கிறது. வெறுமனே காந்தம் என்றால் இன்று தொழிற்சாலையில் செய்ததுதான் மனதில் வரும். காந்தக்கல் என்பது மண்ணுக்குள்ளிருந்தே காந்தமாக வெளிவரும் கல். மக்னற்றைற் என்ற இரும்புத் தாது அது. இந்தத் தாது உலகில் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் மிகச் சிறு பங்குதான் தானாகவே காந்தமாக இருக்கிறது. நிலத்தில் விழும் மின்னலின் பெரும் மின்னோட்டம் அருகிலுள்ள தாதைக் காந்தமாக்கிவிடுகிறது என்பதே இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

எங்கள் தலைமுறை காந்தத்தைப் பாடப் புத்தகத்துக்கு முன்பே சைக்கிள் டைனமோவில் சந்தித்தது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் றேடியோச் செய்தி கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். பழுதான டைனமோவைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக ஓர் உருளை இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்க் கொக்கிளாய்ப் பக்கத்துக் கருமணலில் புரட்டினால் முள்ளம்பன்றி மாதிரி மயிர் முளைக்கும். அங்கிருந்து புல்மோட்டை வரை கரையில் கிடக்கும் இல்மனைற் மணலோடு கலந்திருக்கும் மக்னற்றைற் துகள்தான் முதலில் ஓடிவந்து ஒட்டுவது. காந்தக்கல்லின் பொடி என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். காந்தம் வடசொல். முழு வடிவம் அயஸ்காந்தம். அயஸ் என்றால் இரும்பு, காந்த என்றால் விரும்பப்பட்டது, அன்புக்குரியது. இரும்புக்குப் பிடித்த கல். ஊருக்கு ஒருவராவது இருக்கும் சிறீகாந்தனும் இதே வேர்தான்: சிறீக்கு, அதாவது திருமகளுக்குப் பிரியமானவன். ரஜினிகாந்த் என்றால் இரவுக்குப் பிரியமான சந்திரன். தமிழில் வந்தபோது அயம் கழன்று, பிரியம் மட்டும் தங்கிவிட்டது. எதற்குப் பிரியமான கல் என்பதைச் சொல்லே மறந்துபோயிற்று. சித்த வைத்தியர்கள்தான் அந்த அயத்தை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சோகைக்குக் கொடுக்கும் அயக்காந்தச் செந்தூரத்தின் பெயரில் இரும்பும் காந்தமும் பிரியாமல் நிற்கின்றன.

காந்து என்ற தமிழ் வினையிலிருந்துதான் காந்தம் வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. வயிறு காந்துகிறது, கண் காந்துகிறது, சோறு காந்திப் போயிற்று என்று எரிச்சலுக்கும் கருகலுக்கும் சொல்கிறோமே, அந்தக் காந்து. எனக்கு இது ஒட்டவில்லை. கல் எரிவதுமில்லை, எரிப்பதுமில்லை. போதாக்குறைக்கு, காந்தக்கல்லை நெருப்பிலிட்டுச் சுமார் 580 பாகைச் செல்சியசுக்குக் காந்தவிட்டால் அதன் காந்தமே போய்விடும்.

பழந்தமிழில் இதன் சுவையான இடம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அதை ‘காந்தங் கண்ட பசாசத் தவையே’ என்று முடிக்கிறார். இங்கே பசாசம் என்றால் இரும்பு. பேயைப் பசாசு என்று சொல்லிப் பழகிய நான் முதல்முறை வாசித்தபோது காந்தத்தைக் கண்ட பேய் ஏன் ஓடுகிறது என்று குழம்பியது உண்மை. காந்தத்தின் முன் இரும்பு அசைகிறது, காந்தமோ விகாரப்படுவதில்லை. அதுபோல இறைவன் முன்னிலையில் உயிர்கள் அறிகின்றன என்பது கருத்து.

மற்ற மொழிக்காரருக்கும் இந்தக் கல்லைக் கண்டதும் அன்புதான் நினைவுக்கு வந்திருக்கிறது. வடமொழியின் இன்னொரு சொல்லான சும்பகம், முத்தமிடுவது என்ற பொருளைத் தரும். இந்திக்காரர் அதைத்தான் வைத்துக்கொண்டார்கள். சீனர்கள் அன்புக்கல் என்று எழுதினார்கள், குழந்தையை அழைக்கும் தாய்போல இரும்பை அழைக்கிறதாம். சிங்களத்தில் நம்மைப் போலவே காந்தம, அதே வேர். மக்னற் என்ற சொல் மட்டும் ஊர்ப்பெயர், மக்னீசியாவிலிருந்து வந்தது என்பார்கள். மக்னேஸ் என்ற இடையனின் செருப்பாணியும் கோல் நுனியும் பாறையில் ஒட்டிக்கொண்ட கதையை உரோம எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஊர்ப்பெயருக்குப் பின்னால் கட்டிய கதை மாதிரித்தான் தெரிகிறது.

கதைகளில் நமக்கு நெருங்கியது ஒன்று உண்டு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தொலமி, கிழக்குக் கடலில் மணியோலை என்ற தீவுகள் இருப்பதாகவும், இரும்பாணி அடித்த கப்பல்களை அவை பிடித்து வைத்துக்கொள்வதாகவும் எழுதினார். பின்னர் பலேடியஸ் பெயரில் வழங்கும் நூல் அந்தத் தீவுகளைத் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, அருகில் கொண்டுவந்து வைத்தது. இங்கே வரும் கப்பல்களில் ஆணிக்குப் பதில் மர முளைதான் என்றும் சேர்த்துக்கொண்டது. வன்னியின் மேற்குக் கரையில், திருக்கேதீச்சரத்தை ஒட்டி, மாந்தைத் துறைமுகம் கப்பல்களால் நிறைந்திருந்த காலம் அது. காந்தத் தீவு எதுவும் அங்கே இருந்ததில்லை. இந்தக் கடலில் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டுவது வழக்கம். ஆணி இல்லாத படகைக் கண்ட அந்நியர் அதற்கு ஒரு காரணம் தேடியிருப்பார்கள், காரணத்துக்காக ஒரு தீவே பிறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

இன்னொரு கதை உள்ளியை, அதாவது வெள்ளைப்பூண்டைப் பற்றியது. காந்தக்கல்லில் உள்ளியைத் தேய்த்தால் அதன் வலு போய்விடும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். இத்தாலியரான தெல்லா போர்த்தா உள்ளி தின்றுவிட்டுக் கல்லின்மேல் ஏப்பம் விட்டுப் பார்த்தார், உள்ளிச்சாறு பூசியும் பார்த்தார். கல் அசையவில்லை, அதாவது இரும்பை விடவில்லை. 1589இல் வந்த நூலில் இதை எழுதினார். எனக்கு மிகப் பிடித்த விஞ்ஞானப் பரிசோதனை இதுதான்.

கடலுக்குக் காந்தம் போன கதை சீனாவில் தொடங்குகிறது. காந்தக்கல்லில் உரசிய ஊசி தெற்கைக் காட்டும், ஆனால் சற்றே கிழக்குப் பக்கம் விலகி நிற்கும் என்று சீன அறிஞர் ஷென் குவோ 1088 அளவில் எழுதினார். ஊசியைத் தண்ணீரில் மிதக்கவிடுவதைவிட மெழுகு வைத்துப் பட்டு நூலில் தொங்கவிடுவது நல்லது என்பது அவருடைய அனுபவம். 1269இல் பிரெஞ்சு அறிஞர் பெத்ருஸ் பெரெக்ரினுஸ் உருண்டையான காந்தக்கல்லில் இரு முனைவுகளையும் கண்டுபிடித்துக் காட்டினார். 1600இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பேட் பூமியே ஒரு பெரிய காந்தம் என்றார். எங்கள் பாடப் புத்தகத்தில் முனைவு, தமிழ்நாட்டில் துருவம், இரண்டும் சரியே.

பூமிக் காந்தத்தின் இழுப்பால் இலண்டனில் தொங்கும் ஊசி 60 பாகைக்கு மேல் நிலத்தை நோக்கிச் சாயும். நம்மிடம் அது ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும், காந்தமத்திய கோடு, அதாவது ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு, இலங்கையை ஒட்டிப் போவதுதான் காரணம். கேரளத்துத் தும்பாவில் 1963இல் ரொக்கற் ஏவுதளம் அமைத்ததும் அந்தக் கோட்டுக்கு அருகில் என்பதற்காகவே. முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர்களோ வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றையும், இரவில் வெள்ளியையும் பார்த்தே கரை திரும்பியவர்கள். இப்போது ஜீபிஎஸ். ‘கொம்பாஸ்’ என்றால் இங்கே பிள்ளைக்கு வட்டம் கீறும் கருவிதான் ஞாபகம் வரும். திசைகாட்டி என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

உருவகத்தில் ஒரு கவனம் தேவை. காந்தக் கண், காந்தக் குரல், காந்தம் மாதிரி ஒட்டிக்கொண்டான் என்று தமிழில் சொல்வதெல்லாம் இழுப்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒருவரை லோட்ஸ்ரோன் என்றால் வழிகாட்டி என்ற சாயலும் உண்டு. அதைக் காந்தம் என்று பெயர்த்தால் பாதிப்பொருள் போய்விடும். அந்த இடத்தில் கலங்கரை விளக்கம் என்றோ விடிவெள்ளி என்றோ எழுதலாம். புதுச்சொல் வேண்டும் என்பவர்கள் இரும்பீர்கல் என்று ஆக்கிக்கொள்ளட்டும், நல்ல சொல்தான். ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் வாயில் இருக்கும் காந்தத்தை அனுப்பிவிட எனக்கு மனமில்லை.

கொப்பியில் பாரக்கல்லை வெட்டிவிட்டு எழுதிக் கொடுத்தேன்: ‘பண்டைய மாலுமிகள் காந்தக்கல்லில் உரசிய ஊசியைக் கொண்டு திசையை அறிந்தனர்.’