சோயாமீட் நமக்குச் சரி, கன்றுக்கு?

வெள்ளவத்தையில் எந்தப் பலசரக்குக் கடையிலும் சோயாமீட் பக்கெட் கிடைக்கும். இடியப்பத்துக்குக் கறி இல்லாத இரவுகளில் கைகொடுப்பது அதுதான். ஆனால் சோயா மாவைப் பத்து நாள் கன்றுக்குப் பாலுக்குப் பதிலாகக் கரைத்துக் கொடுத்தால் கழிச்சல்தான் மிஞ்சும். புல் தின்னும் பிராணிக்குச் சோயா அவரை ஒத்துவராதா?

அந்த வயதில் கன்று இன்னும் அசைபோடத் தொடங்கவில்லை. முதல் வயிறு சின்னப் பையாகச் சும்மா கிடக்கிறது. பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியிலுள்ள ஒரு மடிப்பு சுருண்டு குழாயாகி, பாலை நேரே நான்காம் வயிற்றில் இறக்கிவிடும். அங்கே கைமோசின் என்றொரு நொதியம் காத்திருக்கிறது. சீஸ் செய்பவர்கள் பாலை உறையவைப்பதும் இதை வைத்துத்தான். பாலின் கேசின் புரதத்தை அது சில நிமிடங்களில் கட்டியாக்கும். அந்தக் கட்டி மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குடலுக்குப் போகும்.

சோயாப் புரதம் அப்படி உறையாது, சீக்கிரமே குடலுக்கு ஓடிவிடும். ஆனால் அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சீஸ் செய்தபின் மிஞ்சும் வே புரதமும் உறையாதுதான், இருந்தும் கன்றுக்கு நன்றாகச் சமிபாடாகிறது.

மெய்யான தொல்லை குடலில்தான். முதல் மூன்று வாரம் கன்றின் சதையி, அதாவது கணையம், புரதத்தை உடைக்கும் டிரிப்சின் நொதியத்தைக் குறைவாகவே சுரக்கிறது. சோயாவிலோ அந்தக் கொஞ்சத்தையும் கட்டிப்போடும் பொருள் இருக்கிறது. நல்லவேளை, சூடு பட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். கிளிசினின், பீட்டா-கொங்கிளிசினின் என்ற புரதங்கள் அவ்வளவு எளிதில் மசியாது. குடல் அவற்றை அந்நியனாக நினைத்து ஒவ்வாமை காட்டும். சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் குட்டையாகிவிடும். அப்புறம் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். கடலை தின்றால் நமக்கு வாயு வருகிறதே, அதே கூட்டம்தான். உடைக்க நொதியம் இல்லாததால் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும். குடலில் நீர் சேரும், கன்று கழியும்.

சூடான அற்ககோல் கலந்த நீரில் சோயாவைக் கழுவினால் அந்தச் சர்க்கரைகள் வெளியேறும், ஒவ்வாமைப் புரதங்களும் பெருமளவு உருக்குலையும். அந்தச் செறிவுப் புரதம் வெறும் மாவைவிட எவ்வளவோ மேல். பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் கன்றுப் பால்மாவில் கோதுமைப் புரதத்தை நொதியத்தால் உடைத்துக் கரையவைத்தும் சேர்ப்பார்கள். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் லைசினைத் தனியாகக் கலக்க வேண்டும்.

பால்மா மூட்டையில் புரதம் 20 சதவீதம் என்று மட்டும் பார்த்து வாங்குவது போதாது. பாலில் நார்ச்சத்து இல்லை, ஆகவே மூட்டையில் நார்ச்சத்து எண் ஏறியிருந்தால் உள்ளே செடிச் சரக்கு உண்டு. ஆனால் நன்றாகச் சுத்திகரித்த சோயாவும் கோதுமைப் புரதமும் அந்த எண்ணில் அகப்படாது. உட்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.