இந்த ரயில் லா கூர்நெவில் நிற்குமா?

பாரிஸுக்குப் புதிதாக வந்து சேரும் தமிழர்களுக்குப் பிரெஞ்சு கற்பிப்பது என் வேலை. ஒரு மாலை, பாரிஸின் புறநகரான லா கூர்நெவில் குடியிருக்கும் என் மாணவர் ஒருவர் பாரிஸின் கார் டு நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலுக்காக நின்றபோது, ஒலிபெருக்கியில் ‘திரெக்ட்’ என்ற சொல் காதில் விழவே, நேராகத் தம் ஊருக்குப் போகும் வண்டி என்று எண்ணி ஏறிவிட்டார். இடையில் எங்கும் நிற்காத வண்டியைத்தான் அச்சொல் குறிக்கும். லா கூர்நெவ் நிலையம் சன்னலுக்கு வெளியே விரைந்து பின்னால் போக, அவர் சார்ல் த கோல் விமான நிலையத்தில் போய் இறங்கினார். கையிலிருந்த சாதாரணச் சீட்டுக்கு அங்கே வெளியேறும் தடுப்புக் கதவு திறக்கவில்லை. விமான நிலையத்துக்குக் கட்டணமே வேறு. 2025-ஆம் ஆண்டில் சாதாரணச் சீட்டு 2.50 யூரோவாகவும் விமான நிலையச் சீட்டு 13 யூரோவாகவும் இருந்தன.

“எஸ்க ஸ த்ரேன் சரேத் ஆ லா கூர்நெவ்?” (இந்த ரயில் லா கூர்நெவில் நிற்குமா?) என்று ஏறும் முன் அவர் கேட்டிருந்தால் போதும். பாடப்புத்தகங்கள் ‘எப்படிப் போவது’ என்று கேட்கக் கற்றுத் தருகின்றன. நாம் அழகாகக் கேட்டுவிட்டாலும், மடமடவென்று வரும் பதில் புதியவருக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே ‘வீ’ (ஆம்) அல்லது ‘நோன்’ (இல்லை) என்று ஒரே சொல்லில் பதில் வரும்படி கேட்கவே நான் பழக்குகிறேன். அதற்கும் முன்னால் ‘போன்ஜூர்’ வர வேண்டும். வணக்கம் சொல்லாமல் கேள்வியைத் தொடங்குவதைப் பிரெஞ்சுக்காரர்கள் மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நெரிசலில் பின்னால் நிற்பவர் “வூ தெசோந்தே?” (இறங்குகிறீர்களா?) என்று கேட்டால், வழிவிடும்படி கேட்கிறார் என்று பொருள், ‘நோன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அசையாமல் நிற்கக் கூடாது. நாம் இறங்க வேண்டுமானால் “பர்தோன், ஜ தெசோன்” (மன்னிக்கவும், இறங்குகிறேன்) என்று சொல்லலாம். பேருந்தின் பின்கதவு திறக்காவிட்டால் “லா போர்த், சில் வூ ப்ளே!” (கதவைத் திறங்கள், தயவுசெய்து!) என்று ஓட்டுநருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டு நிறுத்தத்தைத் தவறவிட்டவர்கள் என் வகுப்பில் பலர்.

பரிசோதகர் வந்தால் ‘தித்ர் த த்ரோன்ஸ்போர்’, அதாவது பயணச்சீட்டு, கேட்பார். சீட்டு வைத்திருந்தால் மட்டும் போதாது. அதை ‘வாலிதே’ செய்திருக்க வேண்டும், அதாவது ஏறும்போது கருவியில் காட்டியிருக்க வேண்டும். பயணச்சீட்டுகளை ஏற்றிப் பயன்படுத்தும் நாவிகோ ஈசி அட்டை ஒன்றில் இருவர் சேர்ந்து பயணம் செய்யவும் முடியாது.

‘த்ராஃபிக் அன்தெரோம்ப்யூ’ என்று அறிவித்தால் ரயில்கள் ஓடவில்லை என்று பொருள். அதைத் தொடர்ந்து ‘ரெப்ரீஸ்’ என்ற சொல்லோடு ஒரு நேரத்தைச் சொன்னால், ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கும் நேரம் அது. இங்கே ரயில் நேரத்தை 24 மணிக் கணக்கில் சொல்வதால் மாலை 6 மணி ‘திசுயித் எர்’, அதாவது 18 மணி, ஆகிவிடும். 13 முதல் 23 வரையுள்ள எண்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன்.