விரல் எங்கே பட்டாலும் எழுத்து அங்கேதான்

பேனாவே பிடிக்க முடியாத ஒருவர் டைப்ரைட்டரில் மோனாலிசாவை வரைந்தது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்பது பால் ஸ்மித்தைப் பற்றி. 1921இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். கடுமையான பெருமூளை வாதம். தசைகளுக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டதால், கை நினைத்த இடத்துக்குப் போகாது. இதையும் முன்ஜென்மப் பாவம் என்று சொல்கிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்கவே மனம் கொதிக்கிறது. பிறப்பையொட்டி வளரும் மூளைக்கு ஏற்படும் சேதம் அது, அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருவோம். பென்சிலில் கையின் நடுக்கம் அப்படியே தாளில் இறங்கிவிடும். டைப்ரைட்டரில் இறங்காது. விரல் சாவியின் நடுவில் பட்டாலும் ஓரத்தில் வழுக்கினாலும், அந்த எழுத்துக் கம்பிக்குப் போக ஒரே பாதைதான். எழுந்து, ரோலரில் அதே புள்ளியில்தான் அடிக்கும். அடுத்த எழுத்துக்கு இடம்விட நகர்வது தாள். தாளைத் தாங்கி நகரும் கேரியேஜை ஒரு சுருள்வில் ஓயாமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஓடவிடாமல் ஒரு பல்சக்கரமும் இரண்டு கொக்கிகளும் தடுக்கின்றன. சாவியை அழுத்தும்போது ஒரு கொக்கி விலகி மற்றது பிடிக்கும். விரலை எடுத்ததும் பழைய கொக்கி திரும்பிவந்து அடுத்த பல்லைப் பிடிக்கும். அந்த 'டக்' சத்தத்துக்குள் தாள் சரியாக ஓர் எழுத்து அகலம், பல டைப்ரைட்டர்களில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர், நகர்ந்திருக்கும். எப்படிப்பட்ட கை தட்டினாலும் இந்த அளவு மாறாது. எனக்கு இந்தப் பொறியமைப்பின் மேல் தீராத காதல்.

ஸ்மித் இடது கையால் வலது கையை நிதானப்படுத்தி, ஒற்றை விரலால் தட்டினார். மேற்குறிகளை அடிக்க ஷிஃப்டையும் எண் சாவியையும் சேர்த்து அழுத்த வேண்டும்; ஒற்றை விரலால் முடியாதே? ஷிஃப்டைப் பூட்டிவிட்டார். அப்புறம் அவர் கையில் இருந்தவை எண் வரிசையின் மேற்குறிகளே: @ # $ % & * ( ) _ போன்றவை. அடர்ந்த @ குறி கருமை தரும், அடைப்புக்குறி வெளிர்நிழல் தரும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை நம் கண் பிரித்துப் பார்ப்பது கடினம். குறிகள் கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். செய்தித்தாள் புகைப்படத்தின் புள்ளிகளும் இதே வித்தைதான்.

ஒரு படத்துக்கு இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். செயற்கை நுண்ணறிவுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை, நடுங்கும் கைக்கு ஏற்ற சாவிகளையும் பிடிகளையும் உருவாக்கும் ஆய்வுக்கு ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் எத்தனை கைகள் காத்திருக்கின்றனவோ!

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ரோஸ்பர்க் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து 2007இல் மறைந்தார் ஸ்மித். பிற்காலத்தில் வண்ண ரிப்பன்களும் கிடைத்தன. அப்போது சில இடங்களில் சாவியே இல்லாமல், ரிப்பனைக் கட்டைவிரலால் தாளில் அழுத்தி நிழல் தீட்டினார்.