வெள்ளி ஃபில்லிங் இனி யாருக்கு வைக்கலாம்? பாதரச உடன்படிக்கை சொல்வது

சொத்தைப் பல்லில் சாம்பல் நிறமாகத் தெரியும் அடைப்பை வெள்ளி ஃபில்லிங் என்கிறோம். மருத்துவர்கள் அமால்கம் என்பார்கள். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள் அதில் பாதிதான். மீதிப் பாதி எடை பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-ல் கையெழுத்தாகி, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கைக்குள் பல் மருத்துவமும் சேர்ந்தது இதனால்தான்.

தொடக்கத்தில் விதி தளர்வாகவே இருந்தது. சொத்தை வராமல் தடுப்பது, மாற்றுப் பொருள்களில் பயிற்சி கொடுப்பது என ஒன்பது நடவடிக்கைகளைச் சொல்லி, குறைந்தது இரண்டையாவது செய்யுங்கள் என்று நாடுகளிடம் விட்டுவிட்டார்கள். 2022-ல்தான் பிடி இறுகியது. பாதரசத்தை மொத்தமாக வாங்கி வைத்துக் கிளினிக்கிலேயே கலக்கக் கூடாது. அளந்து அடைத்த கேப்சூல்தான் பயன்படுத்த வேண்டும். பால் பற்களுக்கும், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அமால்கம் வைப்பதை உறுப்பு நாடுகள் தடுக்க வேண்டும், அல்லது வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டும். நோயாளியின் தேவை கருதி மருத்துவர் அவசியம் என்று முடிவு செய்தால் மட்டும் விலக்கு உண்டு. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகளின் மாநாடு, 2034-க்குள் அமால்கத்தை முழுவதுமாகக் கைவிட ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை: மருத்துவர் அவசியம் என்று முடிவு செய்யும் அந்தச் சிறு விலக்கைத் தவிர்த்து, 2025 ஜனவரி 1 முதலே அங்கு தடை.

இந்த விதிகள் புதிதாக வைக்கும் ஃபில்லிங்கைப் பற்றியவை. வாயில் ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்கச் சொல்லவில்லை. செய்தியைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கும் ஃபில்லிங்கை எடுக்கச் சொல்லிப் போய் நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. துளைக்கும்போது எழும் சூட்டில் பாதரச ஆவி அதிகமாகிறது. கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. விரிசல், ஓரத்தில் கசிவு, அடியில் புதுச் சொத்தை, ஒவ்வாமை என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். அப்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற ரப்பர் தாளை விரித்து, தண்ணீர் பீய்ச்சியபடி, பெரிய உறிஞ்சு குழாய் வைத்து, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அவசரமில்லாவிட்டால் வைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

மாற்றுகளில் காம்போசிட் என்ற பிசின் கலவை பல் நிறத்திலேயே இருக்கும், பல்லோடு ஒட்டும். ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. ஒட்டுவதற்காக ஆசிட் தடவிக் கழுவிய இடத்தில் எச்சில் பட்டுவிட்டால் ஒட்டு பலவீனமாகி, நாளடைவில் ஓரம் கசிந்து மறுபடி சொத்தை வரும். வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் ஒளி காட்டி இறுக்க வேண்டும். ஒரே மொத்தையாக அடைத்தால் மேலே இறுகி, அடி வேகாத இட்லி மாதிரி நிற்கும். கிளாஸ் ஐயனோமர் என்ற பல் சிமென்ட் ஈரத்தைச் சற்றுத் தாங்கும், ஃபுளோரைடும் வெளிவிடும். பால் பற்களுக்கு நல்ல தேர்வு. மெல்லும் பரப்பில் சீக்கிரம் தேய்கிறது என்பதுதான் குறை. அமால்கம் இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணம் ஈரத்தையும் அவசரக் கையையும் அது பொறுத்துக்கொள்வதுதான். மாற்றுப் பொருள் வேண்டுமென்றால் நாற்காலியில் கூடுதல் நேரம் உட்காரத்தான் வேண்டும்.

அடைப்பதற்கு முன்பே எந்தப் பொருள் என்று கேட்டுவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டினாலோ, பல் குழந்தையுடையது என்றாலோ மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். விலக்கு என்று சொல்லி அமால்கம்தான் வைப்பதானால், அந்தக் காரணத்தைச் சிகிச்சைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம். உங்கள் நாட்டு விதி உடன்படிக்கையைவிடக் கடுமையாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நடத்துபவர்களுக்கு ஒன்று: அமால்கம் ஒட்டியிருக்கும் பிடுங்கிய பல்லை ஆட்டோகிளேவில் (சூடான நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்கவோ எரிக்கும் கழிவில் போடவோ கூடாது, சூட்டில் பாதரசம் ஆவியாகும். மூடி இறுக்கமான தனி டப்பாவில் சேர்த்து, பாதரசக் கழிவாகவே கொடுக்க வேண்டும்.